கல் டீச்சர் கை காட்டிய பக்கம்

கல்லை நக்கிப் பார்க்கிற ஒரு மனுஷியை நான் முதன்முதலாகப் பார்த்தது என் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான். மாடி அறை வாடகைக்கு என்று எழுதிப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர், கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க நான் முட்டுக் கொடுத்திருந்த வெள்ளைக் கல்லைக் குனிந்து எடுத்தார். இப்படியும் அப்படியும் புரட்டினார். நாக்கு நுனியால் ஓரத்தை ஈரமாக்கினார். சட்டைப் பையிலிருந்து சின்ன லென்ஸ் ஒன்றை எடுத்துக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்து, "வாடகை எவ்வளவுக்கா?" என்று கேட்டார்.

அந்தக் கல்லின்மேல் தெருநாய் என்னென்ன செய்திருக்கும் என்பது எனக்குத்தானே தெரியும்! சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, வாடகைக்கு வருகிற நல்ல மனுஷியை விரட்டுவானேன் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். கல் ஈரமாக இருந்தால்தான் அதன் நிஜ நிறம் தெரியுமாம். பிற்பாடு அவரே சொன்னார்.

அருப்புக்கோட்டையில் துணிப்பை தைத்து விற்கிற கடை எங்களுடையது. கீழே கடையும் தையல் மிஷின்களும், நடுவில் நாங்கள், மேலே அந்த ஒற்றை அறை. திருச்சுழிப் பக்கம் தங்கம் இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்த குழுவில் கல் பார்க்கிற வேலை அவருக்கு. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயதை ஒட்டியவர், தனி ஆள். எங்கள் கிராமங்களில் படித்த பெண் யார் போனாலும் டீச்சர்தான். ஊசி போடுகிறவர் மட்டும் நர்சம்மா. இவர் பேண்டும் முழுக்கைச் சட்டையும் தொப்பியுமாகக் கையில் சுத்தியலோடு திரிந்தும்கூட அந்தச் சட்டத்தை யாரும் மாற்றவில்லை. கல் டீச்சர் ஆக்கிவிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. பார்க்காததைச் சொல்ல மாட்டார். இதில் என்ன பெரிய அதிசயம் என்று தோன்றும். ஒரே வீட்டில் இருந்து பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

குழம்பு கொடுத்துவிட்டு, "உப்பு சரியா இருக்கா டீச்சர்?" என்று கேட்டால், ஒரு வாய் சாப்பிடுவார். இன்னொரு வாய் சாப்பிடுவார். "என் நாக்குக்குச் சரிக்கா" என்பார். துணி காயப்போடும்போது, "மழை வருமா டீச்சர்?" என்றால், வானத்தைப் பார்த்துவிட்டு, "மேகம் இருக்கு" என்பார். வருமா வராதா என்று மறுபடியும் கேட்டால், "பார்க்காம சொல்ல மாட்டேன்க்கா" என்று சிரிக்காமல் சொல்வார். அப்படியென்றால் கேட்கிறவள் பைத்தியமா என்று எனக்குக் கோபம் வரும்.

என் நாத்தனார் மகளைப் பெண் பார்க்க வந்தபோது, படித்தவர் ஒருவர் கூட இருக்கட்டும் என்று அவரையும் உட்காரவைத்தோம். எல்லாரும் போன பிறகு, "பையன் எப்படி டீச்சர்?" என்று நாத்தனார் கேட்டார். "பேசிட்டிருக்கும்போதே அடிக்கடி வாட்ச்சைப் பார்த்தார்" என்றார் டீச்சர். அவ்வளவுதான். நல்லவன் என்றும் சொல்லவில்லை, கெட்டவன் என்றும் சொல்லவில்லை. அந்தச் சம்பந்தம் அதோடு நின்றுபோனது. நாத்தனார் ரொம்ப நாள் மாடிப் பக்கம் முகம் திருப்பவில்லை.

தங்கம் தேட வந்தவர் கழுத்திலும் காதிலும் கையிலும் பொட்டுத் தங்கம் கிடையாது. மிஷினில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் அதற்கு ஆளுக்கொரு கதை கட்டிவிட்டார்கள். நான் நேராகவே கேட்டேன். மண்ணெடுக்கும்போது ஒரு மோதிரம் லேசாக உரசினால்கூடப் போதுமாம், இல்லாத இடத்தில் தங்கம் இருப்பதாக ரிப்போர்ட் வந்துவிடுமாம். மண் போட்டு அனுப்புகிற சின்னச் சின்னப் பைகளை எங்களிடம்தான் தைக்கக் கொடுத்தார். புதுக் காடாத் துணியாக இருக்க வேண்டும், தைக்கிறவர்கள் கையில் மோதிரம் இருக்கக் கூடாது என்று கண்டிப்பு. "தங்கம் எடுக்கிற ஆபீசுக்குத் தங்கத்தக் கழட்டிவச்சிட்டுத் தைக்கணுமாம்ல" என்று என் வீட்டுக்காரர் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அவர்கள் தங்கம் தேடிய இடம் என் தம்பியின் புஞ்சை. அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

திருச்சுழியிலிருந்து வீரசோழன் பஸ்ஸில் ஏறிப் பாதி வழியில் இறங்கி, உள்ளே நடந்தால் நான் பிறந்த ஊர். தம்பியின் நிலம் முழுக்கக் கரிசல். மழை பெய்தால் மிளகாயும் மல்லியும் வரும், பெய்யாவிட்டால் வெடிப்புதான் வரும். அந்தக் கருப்பு மண்ணுக்கு நடுவில் வடக்கும் தெற்குமாக ஒரு வெள்ளைக் கல் மேடு நீண்டு கிடக்கும். வெங்கச்சங்கல் என்போம். மேட்டுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா மகன் நிலம். அண்ணன் முறை. நிலம் பிரித்த காலத்தில் வரப்புச் சண்டை வந்து, அவருக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நல்லது கெட்டது எதற்கும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை.

மேட்டு ஓரத்தில் தூர்ந்துபோன பழைய குழிகள் உண்டு. அரசன் காலத்தில் பொன் எடுத்த குழி என்று ஊரில் சொல்வார்கள். டீச்சர் முள்ளுக்குள் நுழைந்து நுழைந்து பார்த்தார். கிண்ணம்போலத் தேய்ந்த பாறைகள் இரண்டைக் கண்டுபிடித்தார். "யாரோ தோண்டியிருக்காங்க. கல்லை உடைச்சு இதுல போட்டு அரைச்சிருக்காங்க" என்றார்.

"எந்த ராசா டீச்சர்?" என்றான் தம்பி.

"அதைப் பார்க்கலையே."

எங்கள் அப்பா வாலிபமாக இருந்தபோது ஒரு கூட்டம் ஜீப்பில் வந்து, கூடாரம் அடித்துத் தங்கி, மேட்டுக்குக் குறுக்கே நீளப் பள்ளம் வெட்டிக் கல் எடுத்துக்கொண்டு போனது. என்ன கிடைத்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா கண்மூடும்வரை அவர்கள் திரும்பி வருவார்கள் என்றே இருந்தார். பிறகு நான் கல்யாணமாகிப் போன சமயம் வேறு சிலர் வந்து ஓடை மணலை அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களும் சொல்லவில்லை. டீச்சர் அந்தப் பழைய ரிப்போர்ட்டுகளைப் படித்திருந்தார். "மேல கொஞ்சம் இருக்கு, ஆழத்துல பார்க்கணும்னு எழுதி வச்சுட்டுப் போயிட்டாங்கக்கா. அந்த ஆழத்தைப் பார்க்கத்தான் நாங்க வந்திருக்கோம்" என்றார். வந்தவர்கள் எல்லாரும் அடுத்து வருகிறவருக்கு எழுதி வைத்தார்களே தவிர, நிலத்துக்காரனுக்கு யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை.

ஒருநாள் தம்பி கைக்குட்டையில் எதையோ முடிந்துகொண்டு அருப்புக்கோட்டைக்கே ஓடிவந்தான். அவிழ்த்தால் மஞ்சளாக மினுமினுக்கிறது. டீச்சர் நகத்தால் கீறினார். இதழ் இதழாகப் பிரிந்தது. "காக்காப்பொன்" என்றார். சொல்லும்போது அவர் முகம் தம்பி முகத்தைவிடச் சுண்டிப்போயிருந்தது. இந்த நிலத்தில் தங்கம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்காது, கல்லைப் பொடித்து மருந்தில் கரைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று விளக்கினார். தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கைக்குட்டையை மட்டும் பத்திரமாக மறுபடியும் முடிந்துகொண்டான்.

மண் சலிக்க உள்ளூர்ப் பெண்களைக் கூலிக்கு எடுத்தார்கள். தம்பி பெண்டாட்டி பேச்சியும் சேர்ந்துகொண்டாள். முதல் நாள் நான் பைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போயிருந்தேன். வளையல், மோதிரம், தோடு, செயின் எதுவும் போடக் கூடாது என்றார் டீச்சர். தாலிச் செயினும்தான் என்று தெரிந்ததும் பெண்கள் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார்கள்.

"தாலியக் கழட்டச் சொல்ற வேலைக்கு நாங்க வரல டீச்சர்" என்றாள் ஒருத்தி.

டீச்சர் தவித்துப்போனார். விதியையும் விட முடியவில்லை, அவர்களை வற்புறுத்தவும் முடியவில்லை. பேச்சிதான் வழி கண்டுபிடித்தாள். "மஞ்சக்கயித்துல மஞ்சளக் கோத்துக் கட்டிக்கிட்டு வாரோம். சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது. ஆனா மூக்குத்தியக் கழட்ட மாட்டேன் டீச்சர். மூக்க வச்சா மண்ணச் சலிக்கப் போறேன்?"

டீச்சர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பேச்சி வீட்டுக்குப் போய்ச் செயினைக் கழற்றித் தகரப்பெட்டியில் வைத்துவிட்டு வந்தாள். அது பெட்டிக்குள் போன நாளைப் பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறேன். கழுத்தில் கிடப்பதைக் கேட்க வாய் வராது. பெட்டியில் கிடப்பதை எடுக்கக் கை கூசாது.

அப்புறம் துளை போடுகிற மிஷின் வந்தது. நம்முடைய போர் லாரி கல்லைப் பொடியாக்கி ஊதித் தள்ளும். இது அப்படியில்லை. கல்லை உருளை உருளையாக அறுத்து முழுசாக வெளியே எடுக்கும். அந்த உருளைகளை வரிசையாகப் பெட்டியில் அடுக்கி, டீச்சர் ஒவ்வொன்றாக நக்கி நக்கிப் பார்ப்பார். மிஷின் நிற்கிற நிலையைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது. "சாஞ்சு நிக்குதே, கவுந்துறாதா டீச்சர்?" என்றேன்.

அவர் என் தூக்குவாளி மூடியை மண்ணில் நட்டமாக நிறுத்தினார். ஒரு குச்சியைச் சாய்வாகக் கொண்டுபோய் அதில் முட்டினார். "வெள்ளைக்கல்லு நிலத்துக்குள்ள சுவர் மாதிரி நட்டமா நிக்குதுக்கா. நேரா இறங்கினா சுவரைத் தொடாமலே கீழே போயிரலாம். சாய்ஞ்சு போனாத்தான் முட்டும்." தம்பி என் பக்கத்தில் நின்று இதைக் கேட்டான். அவனுக்குப் புரிந்தது. புரிந்தது என்று என்னிடம் திருப்பிச் சொல்லியும் காட்டினான்.

மிஷினுக்கு நாள் முழுக்கத் தண்ணீர் வேண்டும். குடிக்கிற தண்ணீருக்குக் குடத்தோடு காத்துக் கிடக்கிற ஊருக்குள், கல்லை அறுக்க டேங்கர் டேங்கராகத் தண்ணீர் வந்து இறங்கியது. பெண்கள் டேங்கரிலேயே குடத்தை நீட்டினார்கள். டீச்சர் கண்டுகொள்ளாதவர்போல் பெட்டிப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

வெள்ளைக்கல் சுவரைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் துளைத்துவிட்டு நிறுத்துவது அவர்கள் வழக்கமாம். அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் தண்ணீர் முட்டிக்கொண்டது. பேச்சி போன் போட்டுச் சொல்லி, நான் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தபோது, குழாயைக் கழற்றிய துளையின் வாயிலிருந்து தண்ணீர் தானாக வழிந்து, வெடித்த கரிசலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஊரே கூடி நின்றது. தம்பி இரண்டு கையாலும் அள்ளி என் முன்னால் நீட்டினான். "குடிச்சுப் பாருக்கா! குடிச்சுப் பாரு!" அவன் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. டீச்சரும் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். "கொஞ்சம் உப்பு இருக்கு" என்றார்.

அந்தத் தண்ணீரை வைத்துக்கொள்ள முடியவில்லை. மூன்று இஞ்சுத் துளை, மோட்டார் இறங்காது. வேலை முடிந்ததும் துளையைச் சிமெண்டு ஊற்றி அடைத்து, மேலே நம்பர் போட்ட தூண் வைத்துவிட வேண்டும் என்பது ஆபீஸ் விதி. "மோட்டார் எறங்காட்டி என்ன டீச்சர், தானா வருதுல்ல" என்று தம்பி கெஞ்சினான். "சிமெண்டு வரலைன்னு மேல சொல்லிருங்க" என்று ஊர்ப் பெரியவர்கள் வழி சொல்லிக் கொடுத்தார்கள்.

"சிமெண்ட் வந்திருச்சே" என்றார் டீச்சர், ஷெட்டில் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே.

ஆனால் அவர் ஒன்று செய்தார். எல்லார் முன்னாலும் ஆபீசுக்குப் போன் போட்டார். "பொண்ணுங்க தண்ணி பிடிச்சிட்டிருக்காங்க சார். பிடிச்சு முடிச்சதும் அடைச்சிடறேன்" என்றார். அதில் ஓர் எழுத்துப் பொய் இல்லை. பெண்கள் அதைக் கேட்டார்கள். அதற்கப்புறம் வரிசை முடியவே இல்லை. குடத்தைக் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டு மறுபடியும் வந்து நின்றார்கள். ஆபீசிலிருந்து போன் வரும்போதெல்லாம், "இன்னும் பிடிச்சு முடிக்கல சார்" என்று டீச்சர் பார்த்ததைச் சொன்னார். அந்த வாரம் முழுக்க அந்த ஊரே தண்ணீர் பிடித்தது. கடைசியில் பெரிய அதிகாரி காரில் வந்து இறங்கினார். சிமெண்டைக் கரைத்து உள்ளே செலுத்தினார்கள். பேச்சி நிரம்பாத குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றாள்.

அன்றைக்கு டீச்சர் சாப்பிட வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு நான் மேலே போனேன். "நான் இங்க வராம இருந்திருந்தா, அந்தத் தண்ணி அங்க இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாம இருந்திருக்கும், இல்லக்கா?" என்று கேட்டார்.

"ஆமா டீச்சர், தெரியாமத்தான் இருந்திருக்கும்" என்றேன். வேறு என்ன சொல்ல? அவருக்குப் பொய் சொல்லி ஆறுதல் சொல்லவும் பயமாக இருந்தது.

தண்ணீரைக் கண்ணால் பார்த்துவிட்ட பிறகு மழையை நம்பி விதைக்கத் தம்பிக்கு மனசு வரவில்லை. தூணுக்குப் பக்கத்திலேயே பெரிய போர் போடுவது என்று முடிவு செய்துவிட்டான். ஒரு பேச்சுக்கு டீச்சரிடமும் கேட்டான். நானும் பேச்சியும் கூட நின்றோம். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா மகன் முள் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க இல்ல" என்றார் டீச்சர்.

சிமெண்டுத் தூணிலிருந்து நடந்தார். வெள்ளைக்கல் மேட்டில் ஏறி இறங்கினார். வேலிவரைக்கும் போய் நின்று, வேலிக்கு மேலே கையை நீட்டினார். "தண்ணி முட்டினது அங்க. அந்த வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம்."

முள் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அது என் நெலம் இல்ல டீச்சர்" என்றான் தம்பி.

"தெரியும்."

"என் நெலத்துல போட்ட குழியில வந்த தண்ணி டீச்சர் அது."

"குழி உங்க நிலத்துல ஆரம்பிச்சுது. சாய்ஞ்சு போச்சு. தண்ணி அங்கதான் இருந்தது."

"இங்க போட்டா வருமா, வராதா?"

"வர்றதுக்கு ஒரு அறிகுறியும் நான் பார்க்கல. இங்க எடுத்ததெல்லாம் விரிசலே இல்லாத முழுக்கல்லு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "போடாதீங்க" என்றார். இதைச் செய்யுங்கள், அதைச் செய்யாதீர்கள் என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதுதான் முதல் தடவை.

தம்பி மறுநாள் கடைக்கு வந்து கத்தினான். "அங்க தங்கம் இருக்குக்கா. அதான் அந்த எடத்துல குழி போட விடாம அடுத்தவன் நெலத்தக் காட்டுறாக."

"ஏலே, அவுக பொய் சொல்ற ஆளு இல்லடா. குச்சிய வச்சுக் காட்டுனாகளே, நீயும்தான பாத்த?"

"பொய் சொல்லலக்கா, மறைக்கிறாக. தங்கம் எம்புட்டு இருக்குன்னு எத்தன தடவ கேட்டேன்? சொன்னாகளா?"

சத்தம் கேட்டு டீச்சரே இறங்கி வந்தார். "தங்கத்தோட ரிப்போர்ட் இன்னும் வரல. வந்தாலும் சொல்ல எனக்கு அனுமதி இல்ல. தண்ணில ஒரு ரகசியமும் இல்லீங்க. அதை முழுசாச் சொல்லிட்டேன்" என்றார். தம்பி காதில் அனுமதி இல்லை என்பது மட்டும்தான் விழுந்தது. அவன் என்னைப் பார்த்து, "பாத்தியா?" என்றான். எங்கள் அப்பா காலத்திலிருந்து வந்தவன் போனவன் எல்லாம் மறைத்த நிலம் அது. கடைசியாக வந்தவர் ஒருவர் மறைக்கவில்லை என்று எதை வைத்து அவனை நம்பச் சொல்வது?

பேச்சியின் செயின் தகரப்பெட்டியிலிருந்து அடகுக் கடைக்குப் போனது. போர் லாரி வந்தது. தூணுக்கு மூன்று எட்டுத் தள்ளி, நேர் கீழே துளைத்தார்கள். போர் லாரிக்குச் சாய்வாகத் துளைக்கத் தெரியாது. மேலேயிருந்து அடிவரைக்கும் புழுதி. தூணும், வெங்கச்சங்கல் மேடும், நின்ற ஜனமும் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகப் போயிற்று. "இன்னும் எறக்கவாண்ணே?" என்று லாரிக்காரன் கேட்கக் கேட்கத் தம்பி தலையாட்டினான். பேச்சி மஞ்சள் கயிற்றைப் பிடித்தபடி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் வந்திருந்தார். கீழே விழுந்த கல்பொடியில் ஒரு சில்லைக் கையில் எடுத்தார். அன்றைக்கு மட்டும் அதை நக்கிப் பார்க்கவில்லை. ஈரம் இல்லாமல் மிஷின் நின்றபோது, நான் சொன்னேனே என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது தம்பி திட்டித் தீர்த்திருப்பான்.

கொஞ்ச நாளில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பச் சொல்லி அவர்களுக்கு உத்தரவு வந்தது. டீச்சர் காலி செய்கிற அன்று பேச்சி ஒரு பையில் வத்தலும் மல்லியும் கட்டிக்கொண்டு வந்தாள். தம்பி வரவில்லை. மூன்று பேரும் கடைக்குள் காப்பி குடித்தோம்.

"டீச்சர், ஒண்ணு கேக்கவா? எங்க நெலத்துல எடுத்துட்டுப் போனீகளே கல்லு, அதுல தங்கம் இருந்துச்சா இல்லையா? அவர்ட்டக்கூடச் சொல்ல மாட்டேன்" என்றாள் பேச்சி.

டீச்சர் பேச்சியின் கழுத்தைப் பார்த்தார். பார்வையைத் தூக்கி மூக்குத்தியைப் பார்த்தார். "இருந்துச்சு. எடுத்த அத்தனை கல்லையும் உருக்கினாலும் இந்த மூக்குத்திக்குக் காணாது" என்றார். ஆபீஸ் விதியை அவர் மீறியது அந்த ஒரு தடவைதான்.

பேச்சி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "இத அன்னைக்கே சொல்லிருந்தா, அந்த மனுசன் தங்கத்த மறந்துட்டு நீங்க சொன்ன தண்ணிக் கணக்க நம்பிருப்பாரே டீச்சர். போர் போட்ருக்க மாட்டாரே."

"போன வாரம்தான் ரிப்போர்ட் வந்துச்சு பேச்சி. அன்னைக்கு எனக்கே தெரியாது."

பேச்சிக்கு அவர்மேல் கோபம் கிடையாது. கோபப்பட ஒருவர் கிடைத்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். டீச்சர் அந்த வத்தல் பையை மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினார்.

இப்போது அவர் வேறு மாநிலத்தில், வேறு ஏதோ மலையில் கல் பார்க்கிறார். எப்போதாவது போன் பண்ணுவார். தம்பி அருப்புக்கோட்டையில் மில்லில் ஷிப்டு வேலை பார்க்கிறான். போன கோடையில் பெரியப்பா மகன் தன் நிலத்தில் போர் போட்டார். வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம், டீச்சர் கை காட்டிய இடத்தில். அன்று முள் வெட்டிக்கொண்டிருந்தவர் ஒரு வார்த்தையும் விடாமல் கேட்டிருக்கிறார். தண்ணீர் பனைமர உயரம் பீய்ச்சியது. தம்பி பகல் ஷிப்டை மாற்றிக்கொண்டு போய், நம்பர் போட்ட சிமெண்டுத் தூண்மேல் உட்கார்ந்து, வேலிக்கு அந்தப் பக்கம் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்வதைப் பொழுது சாயும்வரை பார்த்திருக்கிறான். நேராக என்னிடம் வந்தான். "டீச்சர் மறைக்கலக்கா" என்றான். ராத்திரி ஷிப்டுக்குப் போனான்.

அடுத்த முறை டீச்சர் பேசியபோது இதைச் சொன்னேன்.

"எத்தனை அடியில?" என்றுதான் முதலில் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

"அக்கா," என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஒருவேளை, அவர் உங்க தம்பிக்கும் வேலிக்கு அடியில ஒரு பைப் விடுவாரோ? சொந்தம்தானே. விட்டாலும் விடலாம், இல்லக்கா?"

ஒருவேளை என்ற வார்த்தையை அந்த வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை. கல்லைப் பற்றி ஒரு நாளும் ஊகம் சொல்லாத மனுஷி, மனுஷர்களைப் பற்றி ஊகம் சொல்லிக்கொண்டு என்னிடம் ஆமாம் என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். எனக்கு அந்த வேலியைத் தெரியும். சாவு விழுந்தால்கூட இரண்டு பக்கத்து ஆட்களும் தாண்டாத வேலி அது. போர் போட்ட மறுவாரமே அண்ணன் அதில் புதுசாகக் கம்பி இழுத்துவிட்டார்.

"டீச்சர்," என்றேன். "பாக்காம சொல்லாதீக."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது. அவர் போனை வைக்கவில்லை.